ஸ்ட்ராட் கிட்டாரில் டிரெமோலோ ஆர்மைச் சரிசெய்யும் முறை

நீங்கள் மூன்று குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் 9 எண் (மிக மெல்லிய தந்தியின் தடிமன் 0.009 அங்குலம்) தந்திகளைக் கழற்றிவிட்டு 10 எண் தந்திகளைப் பூட்டிய பிறகு, உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் பின்பக்கம் மேலே தூக்கிக்கொண்டுவிட்டது. சுருதியை ஏற்றி இறக்கும் கம்பியான ஆர்மை ஒரு முறை அழுத்திவிட்டால் தந்திகள் பழைய சுருதிக்குத் திரும்புவதில்லை. ஆர்மும் கையை எடுத்தவுடன் தளர்ந்து கீழே தொங்கிவிடுகிறது. மூன்றையும் ஆர்மின் கோளாறாகவே கருதி, அதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்கிறீர்கள். இவற்றில் மூன்றாவது மட்டுமே ஆர்மைச் சேர்ந்தது. முதல் இரண்டும் தந்தி மாற்றியதால் வந்தவை. ஆர்ம் என்பது ஒரு நெம்புகோல் மட்டுமே. அது அசைக்கும் பிரிட்ஜ் சரியான நிலையில் நிற்காதவரை ஆர்மை எவ்வளவு இறுக்கினாலும் பயன் இருக்காது. ஆகவே பிரிட்ஜில் தொடங்கி, தந்தி எங்கெல்லாம் உராய்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, ஆர்மைக் கடைசியில் தொடுவதுதான் முறை.

லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டருடன் வெளியிட்ட இந்த அமைப்புக்கு 1956-இல் காப்புரிமை கிடைத்தது. அன்று முதல் இன்றுவரை அதன் அடிப்படை மாறவில்லை. தந்திகள் பிரிட்ஜ் தகட்டின் அடியில் தொங்கும் கனமான உலோக பிளாக்கின் உள்ளிருந்து புறப்பட்டு, தகட்டின் மேல் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டுகளான சேடில்களில் ஏறி, நெக்கின் மறுமுனைக்குச் செல்கின்றன. பிளாக்கின் அடிப்பகுதியில் மாட்டிய ஸ்ப்ரிங்குகள் கிட்டாரின் பின்புறக் குழிக்குள் நெக்கின் பக்கமாக ஓடி, கிளா எனப்படும் ஒரு கொக்கித் தகட்டில் முடிகின்றன. அந்தக் கிளாவை இரண்டு நீளமான திருகுகள் மரத்தோடு பிடித்திருக்கின்றன. தகட்டின் முன்விளிம்பே சுழலும் இடம். தந்திகள் தகட்டின் பின்பக்கத்தை மேலே தூக்கப் பார்க்கின்றன. ஸ்ப்ரிங்குகள் அதைக் கீழே இழுத்து வைக்கப் பார்க்கின்றன. சேடில்களும் தந்தியின் வேர்முனையும் ஒரே துண்டாகச் சேர்ந்து அசைவதால், பிக்ஸ்பி போன்ற வேறு வகை டிரெமோலோ அமைப்புகளில் தந்தி பிரிட்ஜின் மேல் வழுக்கும்போது ஏற்படும் உராய்வு இதில் பெரும்பாலும் இல்லை. இந்த வடிவமைப்பின் கெட்டிக்காரத்தனம் அதில்தான் இருக்கிறது.

தராசின் ஒரு தட்டில் எடை கூடினால் மறு தட்டு எழும்புவதைப் போன்றதுதான் உங்கள் கிட்டாரில் நடந்தது. வழக்கமான சுருதியில் 9 முதல் 42 வரையுள்ள ஒரு செட் தந்திகள் மொத்தமாகச் சுமார் 38 கிலோ விசையோடு பிரிட்ஜை இழுக்கின்றன. 10 முதல் 46 வரையுள்ள செட் சுமார் 46 கிலோ விசையோடு இழுக்கிறது. ஸ்ப்ரிங்குகள் பழைய 38 கிலோவுக்கு அளவெடுத்து வைத்தவை. கூடுதலாக வந்த எட்டு கிலோவை ஈடுகட்ட அவை நீண்டே ஆக வேண்டும், அவை நீண்டால் பிரிட்ஜ் எழும்பியே ஆக வேண்டும். பிரிட்ஜ் எழும்பியதால் சேடில்களும் உயர்ந்து, தந்தி நெக்கின் மேலுள்ள குறுக்குக் கம்பிகளான ஃபிரெட்டுகளிலிருந்து விலகி, வாசிக்கவே கடினமாக உணர்ந்திருப்பீர்கள். இந்த நிலையில் சேடில் திருகுகளைத் தாழ்த்தி உயரத்தைக் குறைக்கப் பார்க்க வேண்டாம். பிரிட்ஜ் தன் இடத்துக்கு வந்தவுடன் உயரமும் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும்.

எதையும் திருகுவதற்கு முன் ஒரு முடிவெடுக்க வேண்டும். ஆர்மை மேலே இழுத்துச் சுருதியை ஏற்றவும் உங்களுக்குத் தேவையா, அல்லது கீழே அழுத்திச் சுருதியை இறக்கினால் மட்டும் போதுமா? மேலே இழுக்க வேண்டுமென்றால் பிரிட்ஜின் பின்பக்கம் உடலிலிருந்து சற்று எழும்பி மிதக்க வேண்டும். இறக்கினால் போதுமென்றால் தகடு உடலோடு படிந்தே இருக்கலாம். கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் தன் விரல்களையும் ஆர்மையும் சேர்த்து ஒரு பாடகரின் குரல்போலச் சுரங்களை வளைத்தது மிதக்கும் பிரிட்ஜில்தான். அதற்கு நேர்மாறாக, இன்னொரு கிட்டார் கலைஞரான எரிக் கிளாப்டன் ஆர்மைப் பயன்படுத்துவதில்லை என்பதால் பிளாக்குக்கும் உடலுக்கும் இடையே ஒரு மரத்துண்டைச் செருகிப் பிரிட்ஜை அசையவே விடாமல் வைத்துக்கொண்டார். இருவருக்கும் அவரவர் முறை பொருந்தியது.

என் கருத்தைச் சொல்வதானால், புதிதாக இந்த வேலையைச் செய்கிறவர்கள் தகட்டை உடலோடு படியவைத்துப் பழகுவதே நல்லது. மிதக்கும் பிரிட்ஜில் ஒரு தந்தியை விரலால் வளைத்தால் மற்ற ஐந்தும் சுருதி இறங்கும். ஒரு தந்தி அறுந்தால் மீதி ஐந்தும் ஏறிவிடும். உள்ளங்கையைப் பிரிட்ஜின் மேல் சற்று அழுத்தமாக வைத்தாலே ஒலி மாறும். படிந்த பிரிட்ஜில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. ஆர்மை விட்டவுடன் தகடு உடலில் வந்து உட்கார்ந்துவிடுவதால், திரும்பி வர அதற்கு ஓர் உறுதியான இடமும் இருக்கிறது.

முதல் வேலை, தகடு சுழலும் முன்விளிம்பைச் சரிபார்ப்பது. தந்திகளை நன்றாகத் தளர்த்திவிட்டுப் பாருங்கள். உங்களுடையது ஆறு திருகுகள் கொண்ட பழைய பாணிப் பிரிட்ஜ் என்றால், அந்த ஆறும் தகட்டை மரத்தோடு சேர்த்து நெரித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆறையும் தகட்டின் மேற்பரப்பிலிருந்து சுமார் 1.6 மி.மீ. உயரத்துக்குத் தளர்த்தி, பிறகு இரண்டு ஓரத் திருகுகளை மட்டும் தகட்டைத் தொடும்வரை இறக்குவது ஃபெண்டரே பரிந்துரைக்கும் முறை. தகடு அந்த இரண்டின் மேல் சுழலும்; நடுவிலுள்ள நான்கும் அது பக்கவாட்டில் நகராமல் காவலுக்கு மட்டும் நிற்கும். கடையிலிருந்து வரும் விலை குறைந்த கிட்டார்களில் இந்த ஆறு திருகுகளும் இறுக்கமாகப் பூட்டியிருப்பதைப் பலமுறை பார்க்கலாம். அப்படியிருந்தால் தகடு போன இடத்திலேயே சிக்கி நிற்கும், ஹெட்ஸ்டாக்கில் தந்தியை முறுக்கும் டியூனரை எவ்வளவு விலையுயர்ந்ததாக மாட்டினாலும் சுருதி நிற்காது. இரண்டு தூண்கள் கொண்ட புதிய பாணிப் பிரிட்ஜ் என்றால் கவனிக்க வேண்டியது வேறு: தகட்டின் கத்திபோன்ற விளிம்பு தூணில் அழுந்தியிருக்கும்போது, அதாவது தந்திகள் முழு இறுக்கத்தில் இருக்கும்போது, தூணைத் திருப்பவே கூடாது. திருப்பினால் விளிம்பு மழுங்கும். மழுங்கிய விளிம்பு பிறகு ஒரே இடத்துக்குத் திரும்பி வராது.

அடுத்தது ஸ்ப்ரிங். கிட்டாரை மெத்தையான துணியின் மேல் கவிழ்த்து, பின்புற மூடியைக் கழற்றிக்கொள்ளுங்கள். கிளாவின் இரு திருகுகளுக்கும் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வேண்டும்; சிறிய முனையால் திருகினால் தலை தேய்ந்து பிறகு எதுவும் செய்ய முடியாமல் போகும். கிளாவில் ஒரு மெல்லிய ஒயர் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது தந்திகளை எர்த்தோடு இணைப்பது. அறுந்தால் ஆம்ப்ளிஃபையரில் இரைச்சல் வரும் என்பதால் அதன்மேல் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருகுகளை வலஞ்சுழியாகத் திருப்பினால் கிளா நெக்கின் பக்கமாக நகர்ந்து ஸ்ப்ரிங்கை இழுக்கும், பிரிட்ஜ் கீழே இறங்கும். இடஞ்சுழியாகத் திருப்பினால் பிரிட்ஜ் எழும்பும். தந்திகளைச் சற்று இறக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருகையும் அரைச் சுற்று திருப்புவது, தந்திகளைச் சுருதி சேர்ப்பது, பிரிட்ஜைப் பார்ப்பது என்று மாறி மாறிச் செய்ய வேண்டும். அவசரப்பட்டு மூன்று நான்கு சுற்றுகளை ஒரே மூச்சில் திருப்பினால், பிரிட்ஜ் எந்தப் பக்கம் போகிறது என்பதே பிடிபடாமல் போய்விடும்.

படிந்த நிலைதான் வேண்டுமென்றால், முழுச் சுருதியில் தகடு உடலை அப்போதுதான் தொட்டது என்ற நிலை வரும்வரை திருகி, அதற்கு மேல் இரண்டு திருகுகளுக்கும் அரைச் சுற்று கூட்டிவிடுங்கள். தந்தியை விரலால் வளைக்கும்போது தகடு எழும்பாமல் இருக்க இந்தச் சிறு மிகுதி தேவை. அதற்கும் மேல் இறுக்கினால் ஆர்ம் கல்லாகிவிடும்.

மிதக்கும் நிலை வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை தேவை. ஒரு தந்தியை ஏற்றினால் மற்றவை இறங்கும், அவற்றை ஏற்றினால் முதலாவது இறங்கும் என்று முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்க நேரிடும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஆறு திருகுப் பிரிட்ஜில் தகட்டின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் இடையே ஃபெண்டர் சொல்லும் இடைவெளி 3.2 மி.மீ., இரு தூண் பிரிட்ஜில் 2.4 மி.மீ. ஒரு ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மி.மீ. என்பதால், காலாவதியான நான்கு கார்டுகளை அடுக்கினால் முதல் அளவுக்கும், மூன்றை அடுக்கினால் இரண்டாம் அளவுக்கும் ஏறத்தாழப் பொருந்திவிடும். மெருகில் கீறல் விழாமல் ஒரு மெல்லிய துணியை அடியில் வைத்து, கார்டுகளைத் தகட்டின் பின்விளிம்புக்குக் கீழே செருகிவிட்டு, தகடு அவற்றை நன்றாக அழுத்தும் அளவுக்கு ஸ்ப்ரிங்கை வேண்டுமென்றே அதிகமாக இறுக்குங்கள். இப்போது பிரிட்ஜ் அசைய முடியாது. ஆகவே தந்திகளைச் சாதாரணக் கிட்டாரைப்போல ஒரே முறையில் சுருதி சேர்த்துவிடலாம். பிறகு கிளா திருகுகளைக் கால் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். கார்டுகள் இழுத்தால் தடையின்றி வெளியே வரும் தருணத்தில் இரு விசைகளும் சமமாகியிருக்கும், சுருதியும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதில் இன்னும் நுணுக்கமாகப் போகிறவர்கள் இடைவெளியை மில்லிமீட்டரில் அளக்காமல் காதால் அளக்கிறார்கள். ஆர்மை முழுவதும் மேலே இழுத்தால் மூன்றாம் தந்தியான ஜி மூன்று அரைச்சுரமும், இரண்டாவதான பி இரண்டு அரைச்சுரமும், முதலாவதான ஈ ஒரு அரைச்சுரமும் ஏறும்படி அமைப்பது கலிஃபோர்னியாவின் கிட்டார் கலைஞர் கார்ல் வெர்ஹெய்ன் பரப்பிய முறை. கிளாவையும் அவர் நேராக வைப்பதில்லை. தடித்த தந்திகளின் இழுவை அதிகம் என்பதால் அந்தப் பக்கத்துத் திருகைக் கூடுதலாக இறுக்கிச் சாய்வாக வைக்கிறார். ஜி தந்தியைத் தன் கணக்குக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டு இடைவெளியை அமைத்தால், மேலே இழுக்கும் ஒவ்வொரு முறையும் இசைக்குப் பொருந்தும் ஒரு சுரத்தில் போய் நிற்கலாம் என்பது இதன் பயன். மில்லிமீட்டர் அளவைவிட இது எனக்குப் பிடித்தமானது.

எத்தனை ஸ்ப்ரிங் போடுவது என்று பலரும் குழம்புகிறார்கள். சமநிலையில் ஸ்ப்ரிங்குகளின் மொத்த இழுவை தந்திகளின் இழுவையைத்தான் ஈடுகட்டும். மூன்று போட்டாலும் ஐந்து போட்டாலும் அந்த மொத்தம் மாறாது. மூன்று என்றால் ஒவ்வொன்றும் அதிகமாக நீள வேண்டும், ஐந்து என்றால் ஒவ்வொன்றும் குறைவாக நீண்டால் போதும். மாறுவது ஆர்மின் கனம். ஐந்து ஸ்ப்ரிங்கில் ஒரே தூரம் அசைக்கக் கூடுதல் பலம் வேண்டும், தந்தியை வளைக்கும்போது பிரிட்ஜ் குறைவாக நகரும். மூன்றில் ஆர்ம் இலகுவாக அசையும், வளைக்கும்போது மற்றத் தந்திகள் கூடுதலாக இறங்கும். 10 எண் தந்திகளுக்கு நான் மூன்றில் தொடங்குவேன். கிளா திருகுகள் மரத்துக்குள் முழுவதும் போன பிறகும் பிரிட்ஜ் தாழவில்லை என்றால் நான்காவதைச் சேர்ப்பேன்.

இனி இரண்டாவது குறை, சுருதி திரும்பாதது. பிரிட்ஜைச் சரிசெய்த பிறகும் அது நீடித்தால், எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு நம்பகமான சோதனை இருக்கிறது. ஆர்மைக் கீழே அழுத்தி விட்ட பிறகு ஒரு தந்தி சுருதி ஏறி நிற்கிறதா, அல்லது விரலால் வளைத்து விட்ட பிறகு அது இறங்கி நிற்கிறதா என்று சுருதி காட்டும் கருவியை வைத்துப் பாருங்கள். இரண்டும் நடந்தால் குற்றவாளி பெரும்பாலும் நட், அதாவது நெக்கின் மறுமுனையில் தந்திகள் உட்காரும் பள்ளங்கள் கொண்ட சிறு பட்டை. ஆர்மை அழுத்தும்போது தந்தி தளர்ந்து, டியூனர் பக்கத்திலிருக்கும் மிச்ச இறுக்கம் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆர்மை விட்டவுடன் அது நட்டின் பள்ளத்தில் வழுக்கித் திரும்ப வேண்டும். பள்ளம் பிடித்துக்கொண்டால் திரும்பாது. ஆகவே சுருதி ஏறி நிற்கிறது. விரலால் வளைக்கும்போது நடப்பது இதன் தலைகீழ் வடிவம். சுருதி சேர்க்கும்போது நட்டிலிருந்து "டிங்" என்று ஒரு சிறு ஒலி கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் கிட்டாரில் இதற்குத் தெளிவான காரணமும் இருக்கிறது. நட்டின் பள்ளங்கள் முன்பு இருந்த 0.042 அங்குலத் தந்திக்காக வெட்டியவை. இப்போது அந்த இடத்தில் 0.046 அங்குலத் தந்தி உட்கார்ந்திருக்கிறது. தற்காலிகமாகத் தந்தியைத் தளர்த்திப் பள்ளத்திலிருந்து எடுத்து, கூர்மையாகச் சீவிய 2பி பென்சிலால் பள்ளத்துக்குள் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பென்சிலின் கிராஃபைட் உராய்வைக் குறைக்கும். டியூனர்கள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் மெல்லிய தந்திகளைக் கீழே அழுத்திப் பிடிக்கும் ஸ்ட்ரிங் ட்ரீயின் அடியிலும் அதையே செய்யலாம். பென்சில் சில வாரங்களே தாங்குகிறது என்றால் பள்ளத்தை அகலப்படுத்தியே ஆக வேண்டும். அதற்கென உள்ள அளவு அரங்கள் இல்லாமல் ஊசி அரத்தால் முயன்றால் பள்ளம் ஆழமாகிவிடும், தந்தி முதல் ஃபிரெட்டில் மோதத் தொடங்கிவிடும், பிறகு நட்டையே மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே இந்த ஒரு வேலையை மட்டும் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவது மலிவானது. ஜெஃப் பெக்கின் பெயரில் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டில் சாதாரண நட்டுக்குப் பதிலாக, தந்தி உருளைகளின் மேல் ஓடும் ரோலர் நட் இருந்ததற்குக் காரணமும் இந்த உராய்வுதான்.

நட்டில் குறை இல்லையென்றால் டியூனரில் தந்தி எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று சுற்றுகள் போதும். ஏழெட்டுச் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தால் ஆர்மின் ஒவ்வோர் அசைவுக்கும் அவை நெகிழ்ந்து இறுகும். புதுத் தந்திகளை விரலால் மெதுவாக இழுத்து நீட்டி, மீண்டும் சுருதி சேர்த்து, மேற்கொண்டு இறங்காதவரை இதைத் தொடர வேண்டும். நீட்டாத தந்தியை வைத்துக்கொண்டு டிரெமோலோவைப் பழிப்பது பரவலான வழக்கம்.

இவ்வளவும் முடிந்த பிறகே ஆர்ம். அது தொங்கிவிடுவதற்குக் காரணம், அதன் மரைக்கும் பிளாக்கிலுள்ள துளையின் மரைக்கும் இடையேயுள்ள தளர்ச்சி. பழைய ஸ்ட்ராட் வடிவமைப்பில் அந்தத் துளையின் அடியில் ஒரு சின்னஞ்சிறு ஸ்ப்ரிங் இருக்கும். அது ஆர்மின் முனையை மேல்நோக்கி அழுத்துவதால் ஆர்ம் வைத்த இடத்தில் நிற்கும். ஆர்மைக் கழற்றிக் கிட்டாரைக் கவிழ்க்கும்போது அது விழுந்து தொலைந்துபோவது சகஜம். உங்களுடையதில் அது இல்லையென்றால் புதிதாக ஒன்றை வாங்கிப் போடலாம். அது கிடைக்காவிட்டாலும், அல்லது துளையில் அதற்கு இடமே இல்லாவிட்டாலும், குழாய் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் டேப் போதும். ஆர்மின் மரையின் மேல், திருகும் திசையிலேயே, இரண்டு மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றித் துளைக்குள் திருகுங்கள். தளர்வாக இருந்தால் இன்னொரு சுற்று, இறுக்கமாக இருந்தால் ஒன்றைக் குறைப்பது என்று உங்கள் கைக்கு ஏற்ற விறைப்பைக் கொண்டுவரலாம். டேப் தேயத் தேய மாற்ற வேண்டும், செலவு ஒன்றுமில்லை. அழுத்தத் தொடங்கும்போது ஆர்ம் முதலில் சும்மா அசைந்து, பிறகே பிரிட்ஜ் நகரும் அந்த வெற்று ஆட்டமும் இதனால் போய்விடும்.

ஆர்மைத் துளையின் அடிவரை திருகி இறுக்கி நிறுத்திவிடக் கூடாது. முழுவதும் உள்ளே போன பிறகு ஒரு சுற்றோ அதற்குக் குறைவாகவோ பின்னால் திருப்பி, வாசிக்கும்போது சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் எட்டும் இடத்தில் நிறுத்துங்கள். அடியில் முட்டிய நிலையில் அழுத்தினால் பளு முழுவதும் மரையின் முதல் சில வளையங்களில் விழுகிறது, ஆர்ம் அங்கேதான் முறியும். நீளமும் உங்கள் விருப்பம். கிட்டார் கலைஞர் டேவிட் கில்மர் வழக்கமான நீளத்தைவிடக் குட்டையான ஆர்மையே பயன்படுத்துகிறார். தந்தியை மீட்டும் வில்லையான பிக்கைப் பிடித்த கையிலேயே ஆர்மையும் வைத்துக்கொண்டு நுட்பமான அதிர்வு கொடுக்க அது வசதி. குட்டையானால் நெம்பும் பலம் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உங்களுடையது, தந்திகளை நட்டில் பூட்டிவைக்கும் ஃபிளாய்ட் ரோஸ் வகை டிரெமோலோவாக இருந்தால் இந்த டேப் வேலைக்கே இடமில்லை. அதில் ஆர்மின் அடியில் மரையுள்ள ஒரு வளையம் இருக்கும், அதை இறுக்கித் தளர்த்தியே விறைப்பை மாற்ற வேண்டும். கிளாவைத் திருகுவதற்கு முன் நெக்கிலுள்ள பூட்டு நட்டைத் தளர்த்திவிட வேண்டும் என்பதைத் தவிர, மேலே சொன்ன சமநிலைக் கணக்கு அதற்கும் அப்படியே பொருந்தும்.

ஆர்மையே மாற்ற நேர்ந்தால் மரையின் அளவைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்க ஸ்ட்ராட்களில் வழக்கமாக இருப்பது 10-32 என்ற அங்குல மரை, அதாவது 4.8 மி.மீ. விட்டம். ஆசியத் தயாரிப்புகள் பலவற்றில் 5 அல்லது 6 மி.மீ. மெட்ரிக் மரை இருக்கும். 10-32 ஆர்ம் 5 மி.மீ. துளைக்குள் போய்விடும், ஆனால் ஆடிக்கொண்டே இருக்கும், 5 மி.மீ. ஆர்மை 10-32 துளைக்குள் பலவந்தமாகத் திருகினால் பிளாக்கின் மரையே கெட்டுவிடும். மூன்று நான்கு சுற்று விரலாலேயே சுலபமாகப் போகாத ஆர்ம் அந்தத் துளைக்கானது அன்று. பழைய ஆர்ம் முறிந்து அதன் மரைத் துண்டு துளைக்குள் தங்கிவிட்டால், மேலிருந்து துளைபோட்டு எடுக்க முயல வேண்டாம். தந்திகளையும் ஸ்ப்ரிங்குகளையும் கழற்றிப் பிரிட்ஜை வெளியே எடுத்து, தகட்டிலிருந்து பிளாக்கைப் பிரித்து, அதை மட்டும் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தால் துண்டை எடுத்துத் தருவார்கள். கிட்டாரின் மெருகுக்கும் ஆபத்து இல்லை.